நேற்றைப் போலவே இன்றும்: சமூகம் எப்படி நிற்கிறது, எப்போது நகர்கிறது

அம்மாவின் தோழிகள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளை உள்ளே வந்து, "ஃபிரிட்ஜிலிருந்து கொஞ்சம் தின்பண்டம் எடுத்துக்கொள்ளலாமா? உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?" என்று பணிவாகக் கேட்கிறான். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை வருஷமாக என்னைக் கேட்டா எடுத்துச் சாப்பிட்டாய், உனக்கு என்ன வந்தது என்று எல்லோர் முன்னிலையிலும் வெடிக்கிறார்.

அது ஒரு வீட்டுப்பாடம். அமெரிக்கச் சமூகவியலாளர் ஹரால்டு கார்ஃபிங்கல் தன் மாணவர்களுக்குக் கொடுத்தது. கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை, சொந்த வீட்டில் வாடகைக்குத் தங்கியிருக்கும் அந்நியரைப் போல நடந்துகொள்ள வேண்டும். மரியாதையாக, அளந்து பேச வேண்டும். சொந்த விஷயம் எதையும் பேசக் கூடாது. கேட்டால்தான் பதில். 1967-இல் வெளிவந்த அவருடைய நூலில் இதன் விளைவுகள் பதிவாகியிருக்கின்றன. வீட்டார் திகைத்தார்கள், பயந்தார்கள், கோபப்பட்டார்கள். உடம்பு சரியில்லையா, வேலை போய்விட்டதா, யாருடனாவது சண்டையா என்று துளைத்தெடுத்தார்கள்.

அந்த மாணவர்கள் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. யாரையும் திட்டவில்லை. மரியாதையாகப் பேசினார்கள், அவ்வளவுதான். அதற்கே ஒரு வீடு ஆட்டம் கண்டுவிட்டது. நாம் 'குடும்பம்' என்று சொல்வது சுவர்களிலோ இரத்தத்திலோ மட்டும் இல்லை. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பேச்சிலும், கேட்காமல் எடுத்துச் சாப்பிடுவதிலும்கூட, அது திரும்பத் திரும்பச் செய்யப்படுகிறது. செய்வதை நிறுத்தினால் சில நிமிடங்களிலேயே குலையத் தொடங்குகிறது.

சமூகவியல் கோட்பாடுகளை அறிமுகம் செய்ய இந்தச் சின்ன வீட்டுப்பாடத்தைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. சமூகம் அப்படியே இருப்பதுதான் இயல்பு, மாறினால்தான் காரணம் சொல்ல வேண்டும் என்று நாம் பொதுவாக நினைக்கிறோம். எனக்கு அது தலைகீழான பார்வையாகத் தோன்றுகிறது. நேற்று இருந்தது இன்றும் இருக்கிறது என்றால் அதற்கும் காரணம் கேட்க வேண்டும். கோடிக்கணக்கான பேர் இன்றும் அதைச் செய்திருக்கிறார்கள். ஏன் செய்தார்கள்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பெயர்ப் பட்டியலாகத் தோன்றும் கோட்பாடுகள் ஒரே உரையாடலாக மாறிவிடும்.

கேள்வி பிறந்த காலம்

'சமூகவியல்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஆகஸ்ட் காம்ட். 1830-களின் இறுதியில். அவர் பிறந்தது 1798-இல். அதாவது பிரெஞ்சுப் புரட்சி மன்னராட்சியைக் கவிழ்த்து முடித்திருந்த வேளையில். அவர் வளர்ந்து ஆளாவதற்குள் பேரரசு வந்து போனது, மன்னராட்சி திரும்பி வந்தது. இன்னொரு பக்கம் நீராவி எந்திரமும் தொழிற்சாலையும் கிராமங்களைக் காலி செய்து நகரங்களை நிரப்பிக்கொண்டிருந்தன. 'இது கடவுள் வகுத்த ஒழுங்கு' என்று சொல்லிச் சமாளிக்க இனி முடியாது என்ற நிலை. அப்படியானால் எது மனிதர்களைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது? காம்ட் இந்த இயலை இரண்டாகப் பிரித்தார்: சமூகம் எப்படி நிலைத்து நிற்கிறது என்பது ஒரு பாதி, எப்படி நகர்கிறது என்பது மறு பாதி. மனித சிந்தனை முதலில் தெய்வங்களைக் கொண்டும், பிறகு அருவமான தத்துவங்களைக் கொண்டும், கடைசியில் அறிவியலைக் கொண்டும் உலகை விளக்குகிறது என்ற அவருடைய மூன்று கட்ட விதியை இன்று யாரும் அப்படியே ஏற்பதில்லை. அவர் போட்ட பிரிப்பு மட்டும் இன்னும் பாடநூல்களில் உயிரோடு இருக்கிறது.

ஆனால் கேள்வி ஐரோப்பாவுக்கு மட்டும் சொந்தமல்ல. காம்டுக்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே, 1332-இல் துனிஸ் நகரில் பிறந்த இப்னு கல்தூன் இதைக் கேட்டுவிட்டார். வட ஆப்பிரிக்க அரசுகள் எழுவதையும் விழுவதையும் அரசவைகளுக்குள் இருந்தே பார்த்தவர் அவர். பாலைவனத்தில் கஷ்டப்பட்டு வாழும் குழுக்களுக்குள் 'அஸபிய்யா' என்கிற பிணைப்பு இறுக்கமாக இருக்கிறது. அந்தப் பிணைப்பின் பலத்தில் அவர்கள் நகரத்தைப் பிடிக்கிறார்கள். நகரத்துச் சொகுசு அந்தப் பிணைப்பைத் தளர்த்துகிறது. இன்னொரு இறுக்கமான குழு வந்து அவர்களைத் தள்ளுகிறது. ஒரு அரச வம்சத்தின் ஆயுளைப் பொதுவாக மூன்று தலைமுறை, தலைமுறைக்கு 40 ஆண்டு என்று அவர் கணக்கிட்டார். கணக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஆனால் ஒரு அரசை நிற்க வைப்பது எதுவோ, அந்த அரசின் வெற்றியே அதைக் கரைக்கிறது என்று பார்த்தாரே, அதுதான் பெரிய விஷயம். சமூக மாற்றத்தின் விதையை ஒழுங்குக்கு வெளியே தேடாமல் அதற்குள்ளேயே தேடியவர் அவர்.

துர்கைமின் புள்ளிவிவரம்

காம்டின் கேள்வியை ஒரு உண்மையான ஆய்வுத் துறையாக மாற்றியவர் எமில் துர்கைம். சமூகம் என்பது தனித்தனி ஆட்களின் கூட்டுத்தொகை அல்ல. அதற்கென்று ஒரு இருப்பு உண்டு. அது நம்மை வெளியிலிருந்து அழுத்துகிறது என்பது அவர் நிலைப்பாடு. இதைச் சொல்வது சுலபம், நிரூபிப்பது எப்படி? அவர் எடுத்த உதாரணத்தைப் பார்த்தால் அவருடைய துணிச்சல் புரியும். மனிதச் செயல்களிலேயே மிகத் தனிமையானது என்று நாம் நினைக்கும் தற்கொலையை எடுத்துக்கொண்டார்.

1897-இல் வந்த அந்த ஆய்வில், ஐரோப்பிய நாடுகளின் அரசுப் பதிவுகளை அவர் அடுக்கி வைத்தார். ஒவ்வொரு நாட்டிலும் இறப்பவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஆனால் விகிதம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் பெரிதாக மாறுவதில்லை. நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. கத்தோலிக்கரைவிடப் புராட்டஸ்டன்ட்டுகளிடையே அதிகம். திருமணமானவர்களைவிட ஆகாதவர்களிடையே அதிகம். போர்க்காலத்தில் குறைகிறது. பொருளாதாரம் சரியும்போது கூடுகிறது என்பது யாரும் எதிர்பார்ப்பது. திடீரென்று செழிக்கும்போதும் கூடுகிறது என்று அவர் காட்டினார். வறுமைதான் காரணம் என்றால் செழிப்பில் ஏன் கூட வேண்டும்? அவருடைய விடை: எவ்வளவு ஆசைப்படலாம், எது போதும் என்று சொல்லித்தரும் நெறி, சரிவிலும் அறுந்துபோகிறது, திடீர் ஏற்றத்திலும் அறுந்துபோகிறது. நெறி அற்றுப்போன அந்த நிலைக்கு அவர் வைத்த பெயர் 'அனோமி'.

இறப்பை எப்படிப் பதிவு செய்தார்கள் என்பதே இடத்துக்கு இடம் வேறுபடுமே, அந்தப் பதிவுகளை இவ்வளவு நம்பலாமா என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இருந்தாலும், தனிமனித மனத்துக்குள் முழுக்க அடங்கியது என்று நினைத்த ஒன்றுக்குள் சமூகம் கை நீட்டியிருப்பதைக் காட்டிய அந்தத் தருணத்தை நான் எப்போது படித்தாலும் ஒரு நடுக்கத்தோடுதான் படிக்கிறேன்.

மாற்றம் பற்றி அவர் சொன்னது 1893-இல் வந்த முதல் பெரிய நூலில் இருக்கிறது. எல்லோரும் ஒரே மாதிரி வேலை செய்து, ஒரே மாதிரி நம்பி வாழும் சமூகத்தில், 'ஒரே மாதிரி' என்பதே பிணைப்பு. அதை 'இயந்திர ஒருமைப்பாடு' என்றார். மக்கள்தொகை நெருங்கி, வேலைகள் பிரியப் பிரிய, ஒருவர் இல்லாமல் இன்னொருவர் வாழ முடியாது என்ற சார்பு பிணைப்பாகிறது. அது 'உயிரி ஒருமைப்பாடு'. இந்த நகர்வை அளக்க அவர் சட்டப் புத்தகங்களைப் பார்த்தார். பழைய சட்டம் தண்டிக்கிறது. புதிய சட்டத்தில் இழப்பை ஈடு செய் என்று சொல்லும் பகுதி வளர்ந்துகொண்டே போகிறது. கண்ணுக்குத் தெரியாத பிணைப்பை அளக்கக் கண்ணுக்குத் தெரியும் சட்டத்தைப் பிடித்தது அழகான யோசனை.

மார்க்ஸும் வெபரும்

துர்கைமுக்கு ஒரு தலைமுறை முந்திய கார்ல் மார்க்ஸ் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறார். பிணைப்பு இருக்கட்டும், அந்தப் பிணைப்பில் யார் உழைக்கிறார், யார் எடுத்துக்கொள்கிறார்? 1847-இல் அவர் எழுதிய ஒரு வரி இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: கையால் சுற்றும் ஆலை நிலப்பிரபு உள்ள சமூகத்தைத் தருகிறது, நீராவி ஆலை தொழில் முதலாளி உள்ள சமூகத்தைத் தருகிறது. 1859-இல் இதையே முறையாக விரித்தார். மனிதர்கள் தங்கள் வாழ்வுக்குத் தேவையானதை உற்பத்தி செய்யும்போது சில உறவுகளுக்குள் வருகிறார்கள். அந்த உறவுகளின் மொத்தம்தான் அடித்தளம். சட்டம், அரசியல், மதம், தத்துவம் எல்லாம் அதன்மேல் எழும் மேற்கட்டுமானம். உற்பத்தி சக்திகள் வளர்ந்துகொண்டே போகின்றன. ஒரு கட்டத்தில் பழைய சொத்துறவுகள் அந்த வளர்ச்சிக்கு விலங்காகின்றன. அப்போது சமூகப் புரட்சியின் காலம் தொடங்குகிறது.

இதைப் பலர் இயந்திரத்தனமாகப் படித்தார்கள். அந்த வாசிப்பை மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸே 1890-இல் ஒரு கடிதத்தில் மறுத்திருக்கிறார். பொருளாதாரம் இறுதி நிர்ணயம்தான். ஆனால் அது மட்டுமே ஒரே காரணி என்று நாங்கள் சொன்னதில்லை, மேற்கட்டுமானமும் திருப்பித் தாக்குகிறது என்றார். மார்க்ஸின் பலம் பொதுச் சூத்திரத்தில் இல்லை என்பது என் எண்ணம். 'மூலதனம்' முதல் பாகத்தில் வேலை நாளைப் பற்றிய அத்தியாயத்தைப் படிக்க வேண்டும். பிரிட்டன் அரசின் தொழிற்சாலை ஆய்வாளர்கள் எழுதிய அறிக்கைகளை வைத்துக்கொண்டு, உணவு இடைவேளையில் திருடப்படும் சில நிமிடங்களை அவர் எண்ணுகிறார். காலையில் ஐந்து நிமிடம், மதியம் பத்து நிமிடம். அந்த நிமிடங்களுக்கு மேலேதான் ஒரு வர்க்கத்தின் செல்வமும், 1847-இல் வந்த பத்து மணி நேரச் சட்டம் வரைக்கும் நீண்ட போராட்டமும் நிற்கின்றன. மணிக்கூண்டுக்குக் கீழே நடக்கும் இழுபறிதான் வரலாறு என்று அங்கே புரிகிறது.

சரி, பொருள்தான் முதல் என்றால் எண்ணங்களுக்கு என்ன வேலை? மாக்ஸ் வெபரின் வாழ்நாள் உழைப்பு இந்தக் கேள்வியைச் சுற்றியே இருந்தது. 1904-05-இல் வந்த அவருடைய கட்டுரைகள், கால்வினியப் புராட்டஸ்டன்ட் நெறிக்கும் முதலாளித்துவ மனப்பான்மைக்கும் உள்ள உறவை ஆராய்ந்தன. யாருக்கு மோட்சம், யாருக்கு நரகம் என்பதைக் கடவுள் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார் என்று நம்புகிற ஒருவர் எந்த நிச்சயமும் இல்லாமல் தவிக்கிறார். தொழிலில் இடைவிடாத ஒழுக்கமும் வெற்றியும், தான் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்பதற்கு அடையாளம் என்று பிடித்துக்கொள்கிறார். சம்பாதிக்கிறார், ஆனால் ஆடம்பரம் பாவம். அப்புறம் அந்தப் பணம் எங்கே போகும்? திரும்பத் தொழிலுக்கே போகிறது. மறுமைக்காகத் தொடங்கிய பழக்கம் இம்மையில் ஒரு பொருளாதார அமைப்பைக் கட்ட உதவியது.

புராட்டஸ்டன்ட் பிரிவைப் பிறப்பித்த மத சீர்திருத்தத்துக்கு முன்பே இத்தாலிய நகரங்களில் பெரிய வங்கியாளர்கள் இருந்தார்களே என்ற மறுப்பு உடனே வந்தது. விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் வெபர், எண்ணமே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லவில்லை. ஒருதலையான பொருள்முதல் விளக்கத்தை எடுத்துவிட்டு அதே அளவு ஒருதலையான ஆன்மிக விளக்கத்தை வைப்பது என் நோக்கமல்ல என்று அந்தக் கட்டுரையின் முடிவிலேயே எழுதினார். பின்னால் ஒரு உவமையும் சொன்னார். மனிதர்களை ஓட்டுவது நலன்கள்தான், எண்ணங்கள் அல்ல. ஆனால் அந்த ஓட்டம் எந்தத் தண்டவாளத்தில் போகும் என்பதை, ரயில் பாதையை மாற்றிவிடும் ஊழியரைப் போல, எண்ணங்கள் பல நேரம் தீர்மானித்திருக்கின்றன. மார்க்ஸா வெபரா என்று கட்சி பிரிந்து வாதிடுகிறவர்கள் இந்த உவமையில் கொஞ்ச நேரம் நின்று யோசிக்கலாம்.

வெபரிடம் எனக்கு மிகவும் பிடித்தது அவர் கண் எவ்வளவு நுணுக்கமானது என்பதுதான். மழை தூறுகிறது, தெருவில் எல்லோரும் ஒரே நேரத்தில் குடை விரிக்கிறார்கள். அது சமூகச் செயலா? இல்லை என்கிறார். ஒவ்வொருவரும் மழையைப் பார்த்துச் செய்தார்கள், மற்றவரைப் பார்த்து அல்ல. இரண்டு சைக்கிள்காரர்கள் மோதிக்கொள்கிறார்கள். அதுவும் வெறும் நிகழ்வு. ஆனால் மோதுவதற்கு முன் ஒருவர் மற்றவரைப் பார்த்து விலக முயன்றார் பாருங்கள், மோதிய பிறகு திட்டினார்கள், கைகலந்தார்கள், அல்லது சமாதானமாகப் பேசினார்கள் பாருங்கள், அதுதான் சமூகச் செயல். மற்றவர் என்ன செய்வார் என்று எண்ணி நாம் செய்வது. சமூகம் முழுவதும் இந்த ஓரக்கண் பார்வையால்தான் நெய்யப்பட்டிருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றம் திடீரென்று வருவது ஏன் என்பதற்கு இது பின்னால் தேவைப்படும்.

அதிகாரத்துக்கு மக்கள் ஏன் பணிகிறார்கள் என்பதற்கும் வெபர் மூன்று விடை சொன்னார்: காலங்காலமாக இப்படித்தான் என்ற மரபு, ஒரு தலைவரின் அசாதாரண ஈர்ப்பு, விதிப்படி வந்த பதவி என்ற சட்ட நம்பிக்கை. ஈர்ப்பு வரலாற்றைப் புரட்டிப் போடும். ஆனால் தலைவர் போன பிறகு அது வாரிசுரிமையாகவோ அலுவலகமாகவோ இறுகிவிடும். எத்தனையோ இயக்கங்களின் கதை இது.

இருபதாம் நூற்றாண்டின் திருப்பங்கள்

அமெரிக்காவில் டால்காட் பார்சன்ஸ் துர்கைமையும் வெபரையும் இணைத்து, சமூகத்தை ஒன்றோடொன்று பொருந்திய உறுப்புகளின் அமைப்பாக வரைந்தார். குடும்பம், பள்ளி, சந்தை, அரசு என்று ஒவ்வொன்றும் முழுமைக்கு ஒரு பணி செய்கிறது. செயற்பாட்டுக் கோட்பாடு என்று இதைச் சொல்வார்கள். 1950-களில் கோலோச்சிய இந்தப் பார்வையில் ஒழுங்கு நன்றாக விளங்கியது. கலகம் நோய் போலத் தெரிந்தது. அதுதான் அதன் குறை. அவருடைய மாணவர் ராபர்ட் மெர்டன் இதை அடக்கமாகவும் கூர்மையாகவும் மாற்றினார். ஒரு நிறுவனத்துக்குச் சொல்லப்பட்ட நோக்கம் ஒன்று இருக்கும், யாரும் நினைக்காத விளைவு இன்னொன்று இருக்கும் என்று பிரித்துக் காட்டினார். 1948-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் நல்ல நிலையில் இருக்கும் ஒரு வங்கி வருகிறது. அது திவாலாகப் போகிறது என்று ஒரு வதந்தி. வதந்தி பொய். ஆனால் அதை நம்பி எல்லோரும் ஒரே நாளில் பணத்தை எடுக்க ஓடுகிறார்கள்; வங்கி நிஜமாகவே திவாலாகிறது. இதற்கு அவர் தந்த பெயர் 'தன்னைத் தானே நிறைவேற்றிக்கொள்ளும் முன்னறிவிப்பு'. மனிதர்கள் ஒரு நிலைமையை உண்மை என்று வரையறுத்தால் அதன் விளைவுகள் உண்மையாகிவிடும் என்று 1928-இல் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் டபிள்யூ. ஐ. தாமஸும் டோரத்தி தாமஸும் சொன்ன கருத்தின் நீட்சி இது.

இதே இழையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு மரபு வளர்ந்தது. ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட், ஹெர்பர்ட் புளூமர், எர்விங் கோஃப்மன், கார்ஃபிங்கல் எல்லோரும் பெரிய அமைப்புகளை விட்டுவிட்டு, இரண்டு பேர் எதிரெதிரே நிற்கும் இடத்தைப் பார்த்தார்கள். லிஃப்டுக்குள் அந்நியர்கள் ஒரு கணம் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொள்வதில்கூட ஒரு ஒப்பந்தம் இருக்கிறது என்று கோஃப்மன் காட்டினார்: உன்னைக் கவனித்தேன், ஆனால் உன்மேல் எனக்குச் சந்தேகமில்லை என்று அந்தப் பார்வை சொல்கிறது.

இந்த மொத்த உரையாடலுக்குள் யாருடைய குரல் கேட்கவில்லை என்ற கேள்வியும் எழுந்தது. அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் பிலடெல்பியாவின் ஏழாவது வார்டில் வீடு வீடாகச் சென்று செய்த ஆய்வு 1899-இல் வந்தது. கறுப்பின மக்களின் வறுமைக்குக் காரணம் அவர்கள் பிறப்பில் இல்லை, அடிமை முறையின் வரலாற்றிலும் வேலை மறுக்கப்படுவதிலும் இருக்கிறது என்று அவர் தரவுகளோடு காட்டினார். துர்கைம், வெபர் காலத்தவர். அவர்கள் அளவுக்குக் கவனிக்கப்படப் பல பத்தாண்டுகள் ஆயின. பெண்ணியச் சமூகவியலாளர்கள் இன்னும் அடிப்படையான ஒன்றைக் கேட்டார்கள். சமூகம் தினமும் செய்யப்படுகிறது என்கிறீர்களே, யார் செய்கிறார்கள்? டோரத்தி ஸ்மித் சொன்னது போல, ஆண் அறிஞர் மேசையில் உட்கார்ந்து சமூகத்தைப் பற்றி எழுத முடிந்ததே, யாரோ அவருடைய அன்றாடத்தைச் சுமந்ததால்தான். 1989-இல் ஆர்லி ஹோக்ஷைல்ட், வேலைக்குப் போய்விட்டு வரும் பெண்கள் வீட்டில் இன்னொரு முழு ஷிஃப்ட் பார்க்கிறார்கள் என்று எழுதினார். 'நேற்றைப் போலவே இன்றும்' என்பதற்குப் பின்னால் சிலருடைய களைப்பு இருக்கிறது. ஒழுங்கைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டால் பாதி உண்மைதான் பேசியிருப்போம்.

அமைப்பு மனிதரை வார்க்கிறதா, மனிதர் அமைப்பை வார்க்கிறாரா என்ற பழைய இழுபறியைத் தீர்க்கப் பியர் பூர்தியுவும் அந்தோணி கிடன்ஸும் முயன்றார்கள். மொழியை நினைத்துக்கொண்டால் கிடன்ஸ் சொல்வது சுலபமாகப் புரியும். இலக்கணம் இருப்பதால்தான் நான் பேச முடிகிறது. நாங்கள் எல்லோரும் பேசுவதால்தான் இலக்கணம் இருக்கிறது. பேசப் பேசவே அது மெல்ல மாறவும் செய்கிறது.

மாற்றம் எப்படி வருகிறது

மாற்றம் பற்றிய பழைய கோட்பாடுகளை வேகமாகத் தாண்டிவிடலாம். ஹெர்பர்ட் ஸ்பென்சருக்குச் சமூகம் எளிமையிலிருந்து சிக்கலுக்கு வளரும் உயிரி. பரேட்டோவுக்கு ஒரு மேட்டுக்குடி போய் இன்னொன்று வரும் சுழற்சி. 1960-இல் ரோஸ்டோ எல்லா நாடுகளும் ஐந்து கட்டங்களில் ஒரே படியில் ஏறும் என்றார். 1974-இலிருந்து வாலர்ஸ்டைன், அப்படியல்ல, சில நாடுகள் ஏறியதே மற்றவை கீழே நிறுத்தப்பட்டதால்தான், உலகம் மையமும் விளிம்பும் கொண்ட ஒரே அமைப்பு என்று பதில் சொன்னார். வளர்ச்சி பற்றிய விவாதங்களில் இந்த இரண்டும் இன்னும் மோதிக்கொண்டிருக்கின்றன.

வில்லியம் ஆக்பர்ன் 1922-இல் சொன்ன 'பண்பாட்டுப் பின்னடைவு' தனியே நிற்க வேண்டியது. கருவிகள் வேகமாக மாறும். சட்டமும் வழக்கமும் பின்னாலேயே தள்ளாடி வரும். அவர் காட்டிய உதாரணம் தொழிற்சாலை விபத்து. எந்திரங்கள் கைகால்களைப் பறிக்கத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆகியும், அமெரிக்க நீதிமன்றங்கள் பட்டறைக் காலத்துச் சட்டத்தையே வைத்துத் தீர்ப்புச் சொல்லின. இழப்பீட்டுச் சட்டங்கள் பரவலாக வந்தது 1910-களில்தான். அந்த இடைவெளியில் ஊனமானவர்கள் தங்கள் செலவில் ஊனமானார்கள்.

புதியது ஒன்று எப்படிப் பரவுகிறது? அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ரையன், கிராஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 259 விவசாயிகளிடம் விசாரித்து 1943-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கலப்பின மக்காச்சோள விதை 1928 வாக்கில் அறிமுகமானது. விளைச்சல் கூடுதல், வறட்சியையும் தாங்கும். உடனே எல்லோரும் மாறியிருக்க வேண்டும் அல்லவா? முதல் ஐந்து ஆண்டில் மாறியவர்கள் பத்தில் ஒருவர்தான். அடுத்த மூன்று ஆண்டில் அது பத்தில் நான்கு பேராக உயர்ந்தது. 1941-க்குள் இரண்டு பேரைத் தவிர எல்லோரும். விதை விற்பவர் சொல்லித்தான் பலருக்குச் செய்தி தெரிந்தது. ஆனால் அவர்களை மாற வைத்தது பக்கத்து வயல்காரர். மறுபடியும் அந்த ஓரக்கண் பார்வை.

இதை ஒரு எளிய கணக்காக்கியவர் மார்க் கிரனோவெட்டர், 1978-இல். ஒரு சதுக்கத்தில் 100 பேர் கொதிப்போடு நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் ஒரு வாசல் எண் உண்டு: எத்தனை பேர் இறங்கிய பிறகு நான் இறங்குவேன் என்பது. முதல் ஆளின் எண் பூஜ்யம். யாரும் வராவிட்டாலும் கல் எறிவார். அடுத்தவரின் எண் 1, அதற்கடுத்தவர் 2, இப்படி 99 வரை. முதல் ஆள் எறிகிறார். அதைப் பார்த்து இரண்டாமவர், இருவரைப் பார்த்து மூன்றாமவர், கடைசியில் நூறு பேரும் இறங்கிவிடுகிறார்கள். இப்போது ஒரே ஒரு மாற்றம். எண் 1 வைத்திருந்தவரின் எண்ணை 2 ஆக்குங்கள். முதல் ஆள் எறிகிறார். அடுத்து இறங்க யாரும் இல்லை. கலவரம் ஒரே ஆளோடு முடிகிறது. முதல் கூட்டத்தைப் பார்த்தவர், நூறு பேரும் வெறி பிடித்தவர்கள் என்று எழுதுவார். இரண்டாவதைப் பார்த்தவர், ஒரு போக்கிரி, மற்றவர்கள் அமைதியான குடிமக்கள் என்று எழுதுவார். இரு கூட்டத்துக்கும் வித்தியாசம் ஒரு மனிதரின் ஒரு எண்.

பெரிய புரட்சிகளுக்கு இது மட்டும் போதாது. எல்லா இடத்திலும் அதிருப்தி இருக்கிறது, எல்லா இடத்திலும் புரட்சி வருவதில்லை. 1979-இல் தீடா ஸ்கோச்போல் பிரான்ஸ், ரஷ்யா, சீனா மூன்றையும் ஒப்பிட்டு, புரட்சிக்கு முன் அரசே உள்ளுக்குள் செயலிழந்திருந்தது என்று காட்டினார்: வெளிநாட்டு ராணுவ நெருக்கடி, அதைச் சமாளிக்க முடியாத நிர்வாகம், ஒத்துழைக்க மறுத்த மேல்தட்டு. அதற்கு நூற்றாண்டுக்கு முன்பே பிரெஞ்சு அரசியல் சிந்தனையாளர் அலெக்சி தொக்வில், மோசமான ஒரு அரசுக்கு மிக ஆபத்தான நேரம் அது தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்கும் நேரம்தான் என்று 1856-இல் எழுதியிருந்தார். மாறவே மாறாது என்று இருந்தவரை பொறுத்துக்கொண்டவர்கள், மாறலாம் என்று தெரிந்ததும் பொறுப்பதில்லை.

1989 நவம்பர் 9. கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியின் தலைநகரான கிழக்கு பெர்லின்; மக்கள் மேற்கே போகாதபடி அங்கே சுவர் நிற்கிறது. இந்த எல்லாக் கோட்பாடுகளையும் ஒரே இரவில் பார்க்கலாம். பொருளாதாரம் கடனில் தள்ளாடியது. மாஸ்கோ இனிப் படை அனுப்பாது என்று தெரிந்துவிட்டது. ஒரு மாதம் முன்பு, அக்டோபர் 9 அன்று, லைப்சிக் நகரில் சுமார் 70,000 பேர் அரசை எதிர்த்து ஊர்வலம் போனார்கள், படைகள் சுடவில்லை. அடுத்தடுத்த திங்கட்கிழமைகளில் கூட்டம் பெருகியது. நவம்பர் 9 மாலை ஒரு செய்தியாளர் கூட்டத்தில், ஆளும் கட்சியின் பேச்சாளர் குந்தர் ஷபோவ்ஸ்கி, கையில் கொடுக்கப்பட்ட புதிய பயண விதிகளைப் படித்தார். மறுநாள் முதல், விண்ணப்பம் வாங்கி அனுமதி தருவது என்பதுதான் திட்டம். எப்போதிருந்து அமல் என்று கேட்டார்கள். காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரிந்தவரை உடனே, தாமதமில்லாமல் என்றார்.

எல்லை திறந்துவிட்டது என்று மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சி செய்தி சொன்னது. அது உண்மையல்ல. ஆனால் நம்பி நூறு பேர் கிளம்பினார்கள், அவர்களைப் பார்த்து ஆயிரம், ஆயிரத்தைப் பார்த்துப் பல்லாயிரம். போர்ன்ஹோல்மர் தெருச் சோதனைச் சாவடியில் பொறுப்பில் இருந்த அதிகாரி மேலிடத்துக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தார். தெளிவான உத்தரவு வரவில்லை. அதிகமாகக் கத்துகிறவர்களை மட்டும் வெளியே விடச் சொன்னார்கள். காவலர்கள் அப்போதும் விதிப்படி நடந்துகொண்டார்கள்: அவர்களின் ஆவணத்தை வாங்கி, திரும்பி வர முடியாதபடி, புகைப்படத்தின் மேலேயே முத்திரை குத்தி அனுப்பினார்கள். அதைப் பார்த்துக் கூட்டம் இன்னும் நெருக்கியது. இரவு சுமார் 11.30 மணிக்கு அந்த அதிகாரி தடுப்பைத் தூக்கச் சொன்னார். 28 ஆண்டுகள் நகரத்தைப் பிரித்து வைத்திருந்த சுவரில் அந்த நேரம் வரை ஒரு கல்கூடப் பெயர்க்கப்பட்டிருக்கவில்லை. முத்திரை குத்திக்கொண்டிருந்த காவலர்கள் அதைக் கையிலேயே பிடித்தபடி ஒதுங்கி நிற்க, ஜனங்கள் அவர்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.